விழைவும் கழிவும்: ஆங்கில விருப்ப வாக்கியங்களும் நம் தோட்டப் பள்ளிகளும்

தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளியொன்றில் ஆங்கிலப் பாடம் நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதுகிறார்: 'ஐ விஷ் ஐ ஹாட் எ பைசிகிள்'. இதற்குப் பொருள் யாது என்று ஒரு மாணவனைக் கேட்கிறார். 'ஹாட்' என்பது இறந்தகாலம் என்று முன்னரே மனப்பாடம் செய்தவன் அவன். "இவனிடம் முன்பு ஒரு சைக்கிள் இருந்தது, இப்போது இல்லை" என்கிறான். வகுப்பு அதனை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவ்வாக்கியம் சொல்வதோ வேறு. அதைச் சொல்பவனிடம் மிதிவண்டி இப்போது இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் விரும்புகிறான். முன்பு இருந்ததா என்பது பற்றி அவ்வாக்கியம் ஒன்றும் கூறவில்லை.

அம்மாணவன் தான் கற்ற விதியை நேர்மையாகவே பின்பற்றினான். விதியின் ஒரு பாதியை மட்டும் கற்பித்து மறுபாதியைக் கூறாது விட்டவர்கள் நாம். விருப்பம், வருத்தம், விருப்பத் தேர்வு ஆகிய மூன்றையும் கூறும் ஆங்கில வாக்கியங்களில் நம் பிள்ளைகள் இடறி விழுவதற்குக் காரணம், தமிழில் அத்தகைய நுட்பம் இல்லை என்பதே என்று எண்ணுவோர் உளர். தேர்வுக்கு வேண்டிய சூத்திரங்களாக அவற்றை நெட்டுருச் செய்வித்தால் போதும் என்போரும் உளர். இவ்விரு கொள்கைகளும் பொருந்தா. தமிழ் இலக்கண வரலாற்றையும், ஆங்கில இலக்கண வரலாற்றையும், அவ்விரண்டும் நம் தோட்டங்களில் சந்தித்த வரலாற்றையும் ஒருசேர நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

தொல்காப்பியர் கண்ட இரு சொற்கள்

விருப்பத்தையும் வருத்தத்தையும் மொழியின் தனிக் கூறுகளாகக் கண்டு பெயரிட்டமை தமிழ் இலக்கணத்தில் மிகப் பழைய செய்தி. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து இடையியலில் 'மன்', 'தில்' என்னும் இரு இடைச்சொற்களுக்கும் மும்மூன்று பொருள் வகுத்தார். 'மன்' என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்பன பொருள். 'தில்' என்பதற்கு விழைவு, காலம், ஒழியிசை என்பன பொருள். விழைவு என்பது இன்னும் கைகூடாத ஒன்றை அவாவுதல். கழிவு என்பது கைவிட்டுப் போன ஒன்றை எண்ணி இரங்குதல். இன்றைய ஆங்கிலப் பாடநூல் 'விஷ்', 'ரிக்ரெட்' என்று தலைப்பிட்டுக் கூறும் இரண்டையும் அவர் அருகருகே வைத்துக் கூறியுள்ளார்.

கழிவுப் பொருளுக்கு உரையாசிரியர் காட்டும் இலக்கியம் தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. அவன் கொடைச் செயல்களை ஒவ்வொன்றாகக் கூறி, ஒவ்வொன்றன் இறுதியிலும் 'மன்' என்னும் இடைச்சொல்லைப் புலவர் வைக்கிறார். 'அவன் அவ்வாறு செய்வான்' என்ற செய்தி, அச்சிறு சொல்லால், 'அது கழிந்தது, இனி இல்லை' என்ற இரங்கலாகிறது. விழைவுப் பொருளில் 'தில்' வருவதைக் குறுந்தொகை 14ஆம் பாட்டில் காணலாம்.

இவ்விரு சொற்களுக்கும் பொதுவாக நிற்கும் மூன்றாம் பொருளாகிய ஒழியிசையை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். சொல்லாது ஒழிந்த சொற்களைக் கேட்போன் தானே வருவித்துக்கொள்ளும்படி நிற்பது ஒழியிசை. விரும்புகிறவனும் வருந்துகிறவனும் பல வேளைகளில் வாக்கியத்தை முடிப்பதில்லை. "அன்றைக்கே படித்திருந்தால்..." என்று கூறி நிறுத்திவிடுகிறோம். எஞ்சியது கேட்பவருக்கு விளங்குகிறது. ஆங்கிலத்தில் 'இஃப் ஒன்லி' என்று தொடங்கி, முடிவுப் பகுதியைக் கூறாமலே விட்டுவிடும் வாக்கியமும் இவ்வகையினதே. இரண்டு உணர்வுக்கும் ஒழியிசை பொது என்று கண்டது, பேச்சை உற்றுக் கேட்ட ஓர் ஆசிரியனின் காட்சி.

வியங்கோள் வினையும் விருப்பத்தைக் கூறுவதே. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களில் அது வரும். தன்மை, முன்னிலை இரண்டோடும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பவணந்தி முனிவரோ, இடம் பால் எல்லாவற்றிலும் அது செல்லும் என்றார். 'யான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க' என்பன மூன்றும் நன்னூல் வழிப்படி வழுவற்றவை. இடைப்பட்ட காலத்தில் விருப்பத்தை வெளியிடும் வடிவம் தன் எல்லையை விரித்துக்கொண்டது என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் 'மன்', 'தில்' இரண்டும் பேச்சினின்றும் நீங்கின. ஆயினும் உணர்வு நீங்கவில்லை. "வந்தால் நன்றாயிருக்கும்", "வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்", "வரக்கூடாதா?", "மழை விடாதா?" என்னும் அமைப்புகள் அவ்விடத்தை நிரப்பின. சொல் மாறியது, வேலை மாறவில்லை.

இலத்தீன் அச்சில் வார்த்த இரு மொழிகள்

தமிழைக் கற்ற ஐரோப்பியர் தம் மொழியின் இலக்கண அச்சையே கொண்டுவந்தனர். முத்துக்குளித் துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் ஏறத்தாழ 1549இல் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றியவரும் இவரே. இலத்தீன் இலக்கணத்தை ஒட்டி எழுந்த போர்ச்சுக்கீசிய இலக்கண மரபில் பயின்றவராதலின், ஏவல் வினை, விருப்ப வினை, சார்பு வினை என்னும் பகுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஈடு தேடினார். சீகன்பால்கு எழுதிய தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் 1716இல் ஹாலே நகரில் வெளிவந்தது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் எழுதப்பெற்று 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

இலத்தீனில் விருப்பத்தைக் கூற வினையே வேறு வடிவம் கொள்ளும். தமிழில் அவ்வாறு ஒரே வடிவம் இல்லை. இடைச்சொல், எச்சம், துணைவினை, வினா ஆகிய பலவும் அவ்வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. அச்சில் ஒரு கட்டம் வெறுமையாக நின்றால், மொழியில் அப்பொருளே இல்லை என்று நினைப்பது எளிது. 'தமிழில் இல்லை' என்னும் தாழ்வுணர்ச்சிக்கு இஃதொரு தோற்றுவாய்.

இதே அச்சு ஆங்கிலத்துக்கும் போடப்பட்டது என்பதைப் பலர் அறியார். பழைய ஆங்கிலத்தில் விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் உரிய தனி வினையீறுகள் இருந்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஈறுகள் தேய்ந்து மறைந்தன. 'லாங் லிவ்' என்று அரசரை வாழ்த்தும் தொடரிலும், 'இஃப் ஐ வேர்' என்னும் தொடரில் 'வாஸ்' வரவேண்டிய இடத்தில் வரும் 'வேர்' என்னும் சொல்லிலும் அப்பழைய வடிவத்தின் எச்சம் மட்டும் நிற்கிறது. இராபர்ட் லௌத் 1762இலும், லிண்ட்லி மரே 1795இலும் வெளியிட்ட ஆங்கில இலக்கணங்கள் இலத்தீன் மரபை ஒட்டியே இவ்வினை வகையை விளக்கின. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கிய நெஸ்ஃபீல்டு இலக்கணமும் அவ்வழியே சென்றது. உயிருள்ள வழக்கில் தேய்ந்துபோன ஒன்று, பாடநூலில் முழு உருவத்துடன் வாழ்ந்தது. நம் முன்னோர் அதனை நெட்டுருச் செய்தனர்.

தேய்ந்த ஈறுகளின் இடத்தை ஆங்கிலம் எதனால் நிரப்பியது? இறந்தகால வடிவத்தால் நிரப்பியது. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1933இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில், காலவடிவங்களின் கற்பனைப் பயன்பாடு என்று இதனை விளக்கினார். நடந்து முடிந்தது நம்மைவிட்டுக் காலத்தால் விலகி நிற்கிறது. நடவாதது உண்மையினின்றும் விலகி நிற்கிறது. இரண்டு விலக்கத்துக்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை ஆள்கிறது. 'ஐ ஹாட்' என்பது தனியே நின்றால் நேற்றைக் குறிக்கும். 'ஐ விஷ்' என்பதன் பின் நின்றால் இன்று இல்லாததைக் குறிக்கும். நம் மாணவனுக்குக் கூறாது விட்ட மறுபாதி இதுவே.

துரைமார் கற்ற தமிழ்

இனி, இவ்விரு மொழிகளும் நம் வட்டாரத்தில் எவ்வாறு சந்தித்தன என்று காண்போம்.

தஞ்சோங் காராங் இன்று நெல்வயலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரை உள்ளிட்ட கோலசிலாங்கூர் மாவட்டத்தில், ஆற்றின் இரு மருங்கிலும் உள்நாட்டுப் பக்கமாகவும், தமிழர் உழைப்பால் உருவான தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே தமிழ்: தென்னமரம் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரின் அருகே அஃது உள்ளது. மலாயாவில் வாணிக முறையில் செம்பனை முதன்முதல் பயிரிடப்பட்டது அத்தோட்டத்தில்தான், ஆண்டு 1917. அதனைத் தோற்றுவித்தவர் ஆன்றி போக்கொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்த அவர், தோட்டத் தொழிலைப் பயின்ற காலத்திலேயே மலாயும் தமிழும் கற்றார். பின்னர் அவர் எழுதிய 'மலேசீ' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது.

அவரைப் போல மொழியில் ஈடுபாடு கொண்டோர் சிலரே. மற்றத் துரைமார் பலருக்குத் தமிழ் வேலை வாங்கும் கருவி. இலங்கையில் காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் அங்கிருந்து தோட்டக்காரர் பலர் மலாயாவுக்கு வந்தனர். அங்கே அவர்களுக்கென்று தமிழ்க் கையேடுகள் எழுந்தன. சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் வெளியான ஒரு சிறு நூலின் பெயர் 'இங்கே வா' என்பது. பிற்காலத்தில் வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. முதல் நூலின் தலைப்பே ஓர் ஏவல் வினை, அதிலும் ஒருமை ஏவல், என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வியங்கோளையும் விழைவையும் கழிவையும் வகுத்த மொழியின் வாயிலில், 'வா, போ, வெட்டு, எடு' என்னும் ஏவல் மட்டும் காவல் நின்றது.

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் கூடி, கிராணி பெயர் கூப்பிட, தண்டல் நிரை காட்ட, பால்வெட்டுக்கும் வெளிக்காட்டு வேலைக்கும் பிரிந்து சென்றனர் நம் மக்கள். அங்கே ஒலித்த தமிழ் பெரும்பாலும் மேலிருந்து கீழே வந்த தமிழ். லயத்துக்குத் திரும்பிய பின்னரே மற்றத் தமிழ் பேசப்பட்டது. விழைவும் கழிவும் அங்கே வாழ்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர், பல்லாயிரம் தோட்டத் தமிழரைச் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர். அவர்களுள் பலர் மீளவில்லை. "அன்றைக்கு அந்த இரயிலில் ஏறாமல் இருந்திருந்தால்" என்று தொடங்கி முடிவு கூறாது நிற்கும் வாக்கியத்தின் ஒழியிசையை உணர, அத்தகைய குடும்பங்களில் எவருக்கும் உரை வேண்டியிருக்காது.

அப்போர் மலாயாவை எட்டுவதற்குச் சற்று முன்னே, விருப்பம் லயத்தை விட்டு வெளியே வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அது சிலாங்கூரின் பிற வட்டாரங்களுக்கும் பரவியது. ஆர்.எச்.நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக உரிமை ஆகியவை அவர்கள் கோரிக்கைகளுள் அடங்கும். அப்பட்டியலில் மற்றொரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது. வேலை நிறுத்தம் படையினரைக் கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இக்கோரிக்கைகளைத் தமிழில் கூறும்போது அவை ஒவ்வொன்றும் 'வேண்டும்' என்றே முடியும். இச்சொல்லின் இயல்பு நோக்கத்தக்கது. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றால் விருப்பம். "நீ விடியுமுன் வேலைக்கு வர வேண்டும்" என்றால் கட்டாயம். பெரட்டுக் களத்தில் மேலிருந்து வந்த 'வேண்டும்' கட்டாயம். 1941இல் கீழிருந்து எழுந்த 'வேண்டும்' விருப்பமும் உரிமையும். ஒரே சொல் திசை மாறி ஒலித்தது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'வான்ட்', 'மஸ்ட்', 'ஷுட்' என்று வெவ்வேறு சொற்கள் வேண்டும். இவ்வேறுபாடு அறியாத மாணவன், வேண்டுகோள் விடுக்க நினைத்துக் கட்டளை எழுதிவிடுவான். எனவே இது வெறும் தேர்வு மதிப்பெண் பற்றிய செய்தியன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், அலுவலகத்தில் முறையிடும்போதும், தன் விருப்பம் இன்னது என்று தக்க வடிவில் கூறத் தெரிதல் ஒருவனுடைய மதிப்பைக் காக்கும்.

வகுப்பறைக்குள் வந்த ஆங்கிலம்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகள் பலவற்றில் எழுத்தும் வாசிப்பும் கணக்குமே பாடங்கள். ஆங்கிலம் பட்டணத்துப் பள்ளிகளின் உடைமையாக இருந்தது. 1956ஆம் ஆண்டு இரசாக் அறிக்கையும், அதனை ஒட்டிய 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் மலாயையும் ஆங்கிலத்தையும் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடங்களாக்கின. தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் வழி ஏற்பட்டது. 1970இல் ஆங்கிலவழிப் பள்ளிகள் முதல் வகுப்பிலிருந்து மலாய் வழிக்கு மாறத் தொடங்கின. அதன்பின் நம் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழியாக நின்றது.

மூன்று மொழி என்பது சுமை மட்டுமன்று, துணையும் ஆகும். மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதே இல்லை. 'செமோகா' என்னும் சொல் நல்விருப்பத்தைக் கூறும்; 'கலாவ்லா' என்னும் சொல் நடவாததைக் குறித்த ஏக்கத்தைக் கூறும். தமிழ் எச்சத்தாலும் வினாவாலும் கூறுவதை மலாய் தனிச் சொல்லால் கூறுகிறது. ஆங்கிலம் காலவடிவத்தை ஒருபடி பின்னே தள்ளிக் கூறுகிறது. மூன்றையும் ஒரு பலகையில் எழுதிக் காட்டினால், ஒன்று உயர்வு மற்றொன்று தாழ்வு என்ற எண்ணம் எழாது.

மாணவன் தமிழிலேயே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குதல் நலம். 'நாளை மழை பெய்தால் பால்வெட்டு இல்லை' என்பது தோட்டத்துப் பிள்ளை பிறந்தது முதல் கேட்கும் வாக்கியம். அதில் 'பெய்தால்' என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நிற்பது 'பெய்து' என்னும் இறந்தகால உருவம். காலமோ நாளை. 'செயின்' என்னும் வாய்பாட்டை நன்னூலார் எதிர்கால வினையெச்சத்துள் வைத்தார். பிற்கால வழக்கில் அதன் இடத்துக்கு வந்த 'செய்தால்' என்பதோ இறந்தகால உருவத்தின்மேல் கட்டப்பட்டது. ஆகவே, நடவாத ஒன்றைக் கூற இறந்தகால உருவத்தை ஆள்வது நமக்குப் புதிதன்று. 'ஐ விஷ் ஐ ஹாட்' என்பதில் உள்ள 'ஹாட்' என்பதை, 'இருந்தால்' என்பதனுள் உள்ள 'இருந்து' என்பதோடு ஒப்பிட்டுக் காட்டினால், முதலிற் கூறிய மாணவன் தானே திருந்திக்கொள்வான்.

அடுத்தது வருத்தம். 'ஐ விஷ் ஐ ஹாட் ஸ்டடீட்' என்பதில் காலவடிவம் மேலும் ஒருபடி பின்னே செல்கிறது. தமிழிலும் 'படித்தால்' என்பது 'படித்திருந்தால்' என்று ஒருபடி நீள்கிறது. இரண்டு மொழியிலும் படி ஒன்றே. ஆனால் 'படித்திருக்க வேண்டும்' என்பதில் விழிப்பு வேண்டும். 'நான் அன்றே படித்திருக்க வேண்டும்' என்றால் வருத்தம். 'இவ்வளவு மதிப்பெண் பெற்றான் என்றால் அவன் படித்திருக்க வேண்டும்' என்றால் ஊகம். முன்னதற்கு ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ்', பின்னதற்கு 'மஸ்ட் ஹேவ்'. மேலும், 'ரிக்ரெட்' என்னும் வினையின் பின் 'இங்' ஈறு வந்தால் முன்பு செய்த செயலுக்கு வருந்துதல். 'டு' வந்தால் இப்போது கூறப்போகும் துன்பச் செய்திக்கு முன்னுரை. அலுவலகக் கடிதங்களில் வருவது பெரும்பாலும் இரண்டாவது.

பிறர் செயலையோ இயற்கையின் செயலையோ விரும்பும்போது நாம் எதிர்மறை வினாவை ஆள்கிறோம்: "இந்த மழை விடாதா?" ஆங்கிலம் 'ஐ விஷ் இட் வுட் ஸ்டாப்' என்று கூறும். நம் வினாவைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் அது விடை வேண்டும் கேள்வியாகிவிடும், ஏக்கம் மறைந்துவிடும். கைகூடக்கூடியதற்கு 'ஹோப்', கைகூடாததற்கும் அரிதானதற்கும் 'விஷ்' என்னும் வேறுபாட்டையும் இவ்விடத்தில் கூறுதல் தகும். ஆயினும் 'விஷ் யூ குட் லக்' என்று வாழ்த்தும்போது 'விஷ்' நம் வியங்கோளின் தொழிலைச் செய்கிறது என்பதையும் மறவாது சொல்க.

மூன்றாவது, ஒன்றைவிட மற்றொன்றை விரும்புதல். 'பிரிஃபர் டீ தேன் காபி' என்று மாணவர் எழுதுவது பொதுப் பிழை. 'காட்டிலும்', 'விட' என்பவற்றுக்கு 'தேன்' என்று பொருள் கற்றதால் வந்த பிழை அது. 'பிரிஃபர்' என்னும் சொல்லுக்கு இலத்தீன் மூலப்பொருள் 'முன்னே கொண்டுவைத்தல்' என்பது. ஒன்றுக்கு முன்னே வைப்பதாதலின் அது 'டு' என்னும் சொல்லைப் பெறும். 'ராதர்' என்பதோ 'விரைவில்' என்னும் பழஞ்சொல்லின் ஒப்பீட்டு வடிவம். ஒப்பீடாதலின் 'தேன்' பெறும். தமிழிலோ ஐந்தாம் வேற்றுமை 'இன்' உருபால் உறழ்ந்து கூறுதல் தொல்காப்பியர் காலம் முதல் உள்ளது. பிற்காலத்தில் வந்த 'பார்க்கிலும்', 'காட்டிலும்', 'விட' என்பன யாவும் வினையடியாகப் பிறந்தவை. மற்றதைப் பார்த்தாலும், காட்டினாலும், விட்டுவிட்டாலும் இதுவே மேல் என்பது அவற்றின் உட்கிடை. ஆங்கிலம் விரும்பியதை முன்னே வைக்கிறது. தமிழ் விரும்பாததைப் பின்னே விடுகிறது. இவ்வொரு விளக்கம் பத்துப் பயிற்சிகளுக்கு நிகராகும். 'ஐ வுட் ராதர் யூ ஸ்டேய்ட்' என்பதில் மீண்டும் இறந்தகால வடிவம் வருவதையும் சுட்டிக்காட்டுக. நீ இரு என்று வேண்டுகிறோமே அன்றி, நீ இருந்தாய் என்று கூறவில்லை.

இவற்றைக் கற்பிக்க ஆசிரியருக்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இடையியலும் வினையியலும் நன்கு கற்ற தமிழாசிரியரே இதற்குத் தக்கவர். ஆங்கிலம் கற்பிப்பவர் வேறொருவராயின், அவரும் தமிழாசிரியரும் ஒருநாள் ஒருங்கிருந்து இரண்டு மொழி வாக்கியங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தமிழ் தெரிந்ததால் ஆங்கிலம் கெடுகிறது என்னும் சொல் நம் பள்ளிகளில் அடிக்கடி எழுவது. தமிழைப் பாதியளவு தெரிந்துகொண்டதால்தான் கெடுகிறது என்பதே இதுகாறும் கண்ட வரலாறு காட்டும் உண்மை.

கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் பல இன்று உருமாறிவிட்டன. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. லயங்களை விட்டு நம் மக்கள் பலர் பட்டணங்களுக்குச் சென்றனர். பள்ளிகளின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்னும் சொல் ஆங்காங்கே நின்று பழைய தோட்டத்தை நினைவூட்டுகிறது. அப்பள்ளிகளில் ஒன்றில் இன்று ஒரு பிள்ளை, மிதிவண்டி ஒன்று தனக்கு இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறது. 1941இல் அப்பிள்ளையின் முன்னோர், மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல வேண்டும் என்று கேட்டனர், அதற்காகவும் அடிபட்டனர். அவர்கள் கேட்டது தமிழில். பிள்ளை கேட்கப் போவது மூன்று மொழியில். எம்மொழியில் கேட்டாலும், கட்டளைக்கும் வேண்டுகோளுக்கும், விழைவுக்கும் கழிவுக்கும் வேறுபாடு தெரிந்து கேட்குமாறு அதனைப் பயிற்றுவது நம் கடன்.